எனக்கே கடைசி சீட்டா?

மதிப்பிற்குரிய அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் என் மகளும் நலம். உன் முழங்கால் வலியும் அத்தானின் இருமலும் இந்தக் கடிதம் வந்து சேருவதற்குள் குறைந்திருக்க வேண்டுகிறேன்.

நிற்க. "உன் தலையில யாராவது மிளகாய் அரைச்சிடுவாங்கடா" என்று போன வாரம் போனில் சொன்னாயே, அதற்குத்தான் இந்தப் பதில். மகளின் நுழைவுத் தேர்வுக்கு ஆன்லைன் கோச்சிங் விற்கிறவர்கள் என்னைக் கூப்பிட்டது உண்மை. தானே படித்துக்கொள்வதாகச் சொல்லி, தன் லேப்டாப்புக்கு வைத்திருக்கும் பணத்தை நான் தொடக்கூடாது என்று அவள் என்னிடம் சத்தியம் வாங்கியதும் உண்மை. ஆனால் முப்பத்தோரு வருஷம் செருப்புக்கடையில் ஊரார் காலையெல்லாம் மடியில் வைத்து வியாபாரம் பார்த்தவனிடமா அவர்கள் பாச்சா பலிக்கும்? போனில் ஒரு பெண். எடுத்ததும் "சார், ரெண்டே சீட்டுதான் இருக்கு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கடைசி ஜோடி" என்று நான் சொல்லும்போதெல்லாம் பரணில் ஏழு டப்பா இருக்கும். "இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணியோட சலுகை முடியுது சார்" என்றாள். எங்கள் கடைவாசலில் 'இன்றே கடைசி' பலகை பதினோரு வருஷம் தொங்கியது, எழுத்து வெளுத்து இரண்டு தடவை பெயிண்ட் அடித்தோம். அப்புறம் இலவச வகுப்பு ஒன்று பார்க்கச் சொன்னாள். அதுவும் தெரிந்ததுதான், செருப்பை மாட்டிவிட்டுக் கண்ணாடி வரை நடக்கவிட்டால் பாதிப் பேர் கழற்ற மாட்டார்கள். கடைசியில் "பொண்ணோட எதிர்காலம் முக்கியமில்லையா சார்?" என்றாள் பார், எனக்குக் கோபமே வந்துவிட்டது. வாங்காத ஆளை நோகடிக்கலாமா? "ஏம்மா, தொழில் பண்ற லட்சணமா இது? எடுத்த எடுப்புல கடைசி சீட்டுன்னா எவன் நம்புவான்? அவன் கை வெச்சப்புறம் சொல்லணும். மொதல்ல எங்க கடிக்குதுன்னு கேளும்மா"ன்னு அரை மணி நேரம் பாடம் எடுத்தேன். அந்தப் பொண்ணு "ஒரு நிமிஷம் சார், எழுதிக்கிறேன்"னுச்சு. மறுநாள் அவளோட மேனேஜரே எங்கிட்ட பாடம் கேக்க வீடியோவுல வந்துட்டார், கூடப் பதினாலு பேர், எல்லாரும் டை கட்டிக்கிட்டு! நான் பனியனுக்கு மேல சட்டை மாட்டிட்டு வர்றதுக்குள்ள "சார், சார்"ங்கிறாங்க. எட்டாங்கிளாஸோட நின்னவன்க்கா நான்! கதவோரமா நின்னு கேட்டுட்டிருந்த மக, "அப்பா, நீங்க கெட்டிக்காரர்ப்பா"ன்னா. இதுக்கு மேல என்னக்கா வேணும் எனக்கு?

ஆகவே பணம் பத்திரம், சத்தியம் பத்திரம், உன் தம்பியின் தலையும் பத்திரம். அத்தானுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகள் நோய்நொடியின்றி நன்றாக இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
யாரிடமும் ஏமாறாத உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள். சீட்டு, சலுகை என்று ஒரு வார்த்தை பேசவில்லை. "உங்கள மாதிரி சொல்லிக்குடுக்க ஆளே இல்ல சார், நீங்க ஏன் கோச் ஆகக்கூடாது?" என்றாள். கோச் ஆவதற்கென்றே அவர்களிடம் ஒரு கோர்ஸ் இருக்கிறதாம். அதற்குத் தகுதித் தேர்வு வைத்தார்கள், நான் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு! லேப்டாப் பணத்தைக் கட்டிவிட்டேன். மகள் பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருக்கிறாள், சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீதான் போன் போட்டுச் சொல்ல வேண்டும் அக்கா. மார்க்கை முதலில் சொல்.