முன்தேதியிட்ட வெடிப்பு

விண்வெளி நோக்குத் துறையில் ஒரு விஞ்ஞானி இருந்தாள். வானத்தில் காமா கதிர் வெடிப்பு நடந்தால் கண்டுபிடித்துச் சொல்வதுதான் பதினொரு வருஷமாக அவளுடைய வேலை. எங்கேயோ ஒரு பெரிய நட்சத்திரம் உயிரை விடும்போது சில விநாடிகள் மட்டும் அந்தக் கதிர் பாயும். அதன் பின்னொளி கொஞ்ச நேரம் தங்கும். அதற்குள் விண்வெளித் தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பினால் வெடித்த இடம் துல்லியமாகத் தெரியும். தவறினால் போனது போனதுதான்.

திருப்பும் பொத்தான் அவள் மேசையில் இருந்தது. அதைத் தொடுவதற்கான அனுமதி இரண்டாம் மாடியில், கண்காணிப்பாளரிடம் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்குக் கணினித் திரையில் கோடு எகிறியது. பதினொரு வருஷத்தில் இத்தனை பிரகாசத்தை அவள் பார்த்ததில்லை. மூன்று செயற்கைக்கோள்களுக்குக் கதிர் வந்துசேர்ந்த நேர வித்தியாசத்தைக் கணக்கிட்டு, வானத்தில் ஒரு கட்டம் போட்டுக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

கண்காணிப்பாளர் படிவத்தை எடுத்து நிதானமாக விரித்தார். எந்த இடம் என்று கேட்டார்.

"இந்தக் கட்டத்துக்குள்ள எங்கயோ சார். திருப்பிப் பார்த்தாத்தான் சரியா தெரியும்."

"சரியான இடத்தை எழுதினாத்தான் திருப்பவே முடியும் மேடம். ஏழாவது கேள்வி. சரி, சம்பவம் எப்ப நடந்துச்சு?"

"ஒளி அங்கிருந்து கிளம்பி பல நூறு கோடி வருஷம் ஆகியிருக்கும்."

கண்காணிப்பாளர் பேனாவை மூடினார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

"இவ்வளவு தாமதமா வந்து சொல்றீங்களே மேடம்."

தொண்ணூறு நாளுக்கு மேற்பட்ட சம்பவங்கள் பழைய ஆவணப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பது விதி. அனுப்பினார். தாமதத்துக்கு எழுத்துமூலம் விளக்கம் தரும்படி அவளுக்கு ஒரு குறிப்பாணையும் கொடுத்தார். இத்தனை கோடி வருஷம் பொறுத்தது மதியச் சாப்பாடு வரை பொறுக்காதா என்று ஆறுதலும் சொன்னார்.

அவள் கீழே வந்து குறிப்பாணையை இழுப்பறையில் வைத்தாள். பொத்தானை அழுத்தினாள்.

தொலைநோக்கி திரும்பியது. திரையில் கடுகளவு ஒரு புள்ளி தெரிந்தது. துல்லியமான இடத்தைக் கணக்கிட்டு உலகத்தில் உள்ள எல்லா வானாய்வு நிலையங்களுக்கும் அனுப்பினாள். பிறகு கணவனுக்குப் போன் செய்தாள். இடம் கிடைத்துவிட்டது என்றாள். சாப்பிட்டாயா என்று அவன் கேட்டான்.

மறுநாள் பாராட்டுக் கடிதங்கள் குவிந்தன. துறைத்தலைவர் பூரித்துப்போனார். ஆனால் அனுமதியில்லாமல் நடந்த சாதனையைச் சாதனை என்று சொல்ல விதியில் இடமில்லை. குற்றம் என்றுதான் சொல்லலாம். அவளை வேறு பிரிவுக்கு மாற்றலாமா என்ற பேச்சு எழுந்தது. கடைசியில் கண்காணிப்பாளரே வழி சொன்னார். அனுமதிக்கு முன்தேதி போட்டுவிடலாம். குறைந்தது ஒரு வேலைநாள் முன்னதாக இருக்க வேண்டும். ஆகவே, செவ்வாய் காலை பத்து நாற்பதுக்கு நடக்கவிருக்கும் வெடிப்பைக் கவனிக்கத் திங்கள் மாலை நான்கு மணிக்கு அனுமதி வழங்கப்பட்டதாகக் கோப்பு உருவானது. பொத்தான் கையைவிட்டுப் போய்விடுமே என்று அவளும் கையெழுத்துப் போட்டாள்.

கோப்பு அமைச்சகத்துக்குப் போனது. அங்கே ஒருவர் அதை முழுதாகப் படித்துத் தொலைத்தார். வெடிப்பை முதல்நாளே அறிந்த துறை உலகத்தில் இது ஒன்றுதான் என்று மெச்சி, இனி ஆண்டுதோறும் நடக்கவிருக்கும் வெடிப்புகளின் பட்டியலை முன்கூட்டியே சமர்ப்பிக்க ஆணையிட்டார்.

அப்படி யாராலும் சொல்ல முடியாது என்று அவள் நேரில் போய்ச் சொல்லிப் பார்த்தாள்.

"கோப்புல இருக்கே," என்றார் அவர். "கையெழுத்து உங்களோடதுதானே?"

அவள் பட்டியல் எழுதினாள். நாளுக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு திசை, விடுமுறை நாள் நீங்கலாக. வானத்தில் ஏறக்குறைய தினம் ஒன்று வெடிக்கத்தான் செய்யும். அதனால் வருஷக் கடைசியில் தேதியளவில் பட்டியல் பெரும்பாலும் பலித்திருந்தது. விருது கிடைத்தது. தன் தம்பி மகனுக்கு வேலை எப்போது கிடைக்கும் என்று மாமியார்கூட அவளிடம் கேட்டார். ஒரே ஒரு சங்கடம். தொலைநோக்கி இப்போது பட்டியலில் உள்ள திசைக்குத்தான் திரும்பும். வெடிப்புகள் மற்ற திசைகளில் நடந்தன.

அடுத்த வருஷம், அவள் பணியில் இருந்த ஒரு பொது விடுமுறையன்று பழையதைவிடப் பெரிய வெடிப்பு ஒன்று வந்தது. கடல் தாண்டிய ஒரு நாட்டின் ஆய்வு நிலையத்திலிருந்து, தயவுசெய்து உடனே திருப்புங்கள் என்று அவசரச் செய்தி வந்தது. அவள் பட்டியலைப் பார்த்தாள். பொத்தானைப் பார்த்தாள். பிறகு பதில் எழுதினாள்: "எங்கள் வருடாந்தர வெடிப்புப் பட்டியலின்படி இன்று வெடிப்பு ஏதுமில்லை. தங்கள் தரப்பில் சரிபார்க்கவும்."

பத்தே நிமிஷத்தில் மறுபதில் வந்தது. கோபமாகத்தான் இருக்கும் என்று பயந்துகொண்டே திறந்தாள்.

"மன்னிக்கவும். அந்தப் பட்டியலில் எங்களுக்கும் ஒரு பிரதி கிடைக்குமா? இங்கேயும் மேலிடத்தில் கேட்கிறார்கள்."