கொண்டக்டர் அண்ணையின் ஏறாத போட்

அராலிக் கடலில் கொண்டக்டர் அண்ணையைப் போல நம்பிக்கையுள்ள மனிதர் முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருக்கப்போவதில்லை. அந்த நம்பிக்கையைச் சுமந்து களைத்துப்போனவன் நான்.

பஸ் கொண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கையோடு அவர் ஒரு பழைய பைபர் போட்டையும், அதைவிடப் பழைய எஞ்சின் ஒன்றையும் வாங்கினார். எஞ்சினுக்குப் பதினைந்து குதிரை வலு என்றார்கள். அதில் பாதிக் குதிரைகள் எப்போதோ செத்துவிட்டன. மிச்சம் பென்சனில் இருந்தன.

நல்ல போட் வேகமெடுத்தால் முதலில் மூக்கைத் தூக்கும். பிறகு மட்டமாகி, தண்ணீருக்கு மேலே ஏறி வழுக்கிக்கொண்டு ஓடும். அண்ணையின் போட் மூக்கைத் தூக்குவதோடு சரி. பின்பக்கம் தாழ, கடலை உழுதுகொண்டே போகும்.

"சனம் பிதுங்கின பஸ்ஸிலை தொங்கித் தொங்கியே என்ரை சீவியம் போட்டுது, மாஸ்ரர். கண்ணை மூட முன்னம் ஒருக்கா எண்டாலும் பாரமில்லாமல் ஓடிப் பாக்கவேணும்" என்பார்.

கணக்கு வாத்தியாரான என்னை அவர் சிநேகிதனாக்கியது அறிவுக்காக அல்ல, எடைக்காக. முன்பக்கம் பதிய வேண்டுமாம். ஞாயிறு விடிந்தால் வாசலில் சைக்கிள் மணி கேட்கும். என் மனைவி, "உங்கடை போட் வந்திட்டுது" என்பாள்.

"முன்னுக்குப் போங்கோ, மாஸ்ரர்! இன்னும் முன்னுக்கு! இடம் கிடக்கு!"

காலமெல்லாம் "பின்னுக்குப் போங்கோ" என்று கத்திய வாய் அது. நான் அணியத்தில், போட்டின் முன் நுனியில், பல்லி மாதிரி ஒட்டிக்கொள்வேன். அவர் பின்னால் எஞ்சினோடு நிற்பார், அதே பழைய பஸ் மிதிபலகையில் நிற்கும் தோரணையில்.

அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டினோம். எஞ்சினின் விசிறியை மாற்றினோம். அதன் சாய்வை மாற்றினோம். பெற்றோல் கானை என் மடிக்குக் கொண்டுவந்தார். போட் மேலே ஏறவில்லை, நான்தான் பெற்றோல் மணத்தோடு பூசைக்குப் போய் ஐயரிடம் பேச்சு வாங்கினேன்.

கடைசியில் பாரம் குறைக்கிறேன் என்று நங்கூரத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தார். அன்றைக்கென்று எஞ்சின் நின்றது. காற்று எங்களை இழுத்துக்கொண்டுபோய்ச் சேற்றில் செருகியது. இறங்கித் தள்ளிய அண்ணையின் காலில் திருக்கை முள் ஏறியது.

அடுத்த ஞாயிறு, வீங்கிய காலோடு அவர் கரையில் குந்தியிருந்தார். எனக்கு விடுதலை என்று நினைத்தேன்.

"நான் ஓடிப் பாக்கிறன். நீங்கள் இருங்கோ" என்றபடி அவருடைய மனைவி பவளமக்கா எஞ்சினைப் பிடித்தார். அக்கா ஈர்க்கு மாதிரி, எடையில் அண்ணையின் பாதிகூட வரமாட்டார். நான் பழக்கதோசத்தில் முன்னால் ஏறினேன்.

போட் மூக்கைத் தூக்கியது. பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், மெல்லப் பதிந்து, தண்ணீருக்கு மேலே ஏறி ஓடியது. இவ்வளவு காலமும் பின்பக்கத்தை அமுக்கிவைத்திருந்த பாரம், எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்த அண்ணையேதான்.

கரைக்கு வந்தோம். அவர் எல்லாம் பார்த்திருந்தார்.

"ஏறீட்டுது என்ன?"

"ஓம், அண்ணை."

"நான் இல்லாமல்."

நான் குனிந்து போட் கயிற்றைக் கட்டத் தொடங்கினேன். அக்காதான், "உந்த எஞ்சின் கைபிடிக்கு ஒரு குழாயைப் போட்டு நீட்டிப்போட்டு, நடுவிலை வந்திருங்கோவன்" என்றார்.

"கொண்டக்டர் பின்னுக்குத்தான் நிக்கிறது."

"பஸ் எப்பவோ நிண்டிட்டுது. வாங்கோ."

கால் ஆறியதும் பிளாஸ்ரிக் குழாய் ஒன்றைக் கைபிடியில் மாட்டிக்கொண்டு, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரிக் கூச்சத்தோடு போட்டின் நடுவில் உட்கார்ந்தார். நான் வழமைபோல முன்னால். எஞ்சின் முக்கியது, முனகியது, ஏறியது. திரும்பிப் பார்த்தேன். வாய் ஓயாத அந்த மனிதர் ஒரு சத்தமும் இல்லாமல் அழுதுகொண்டிருந்தார்.

ஏறி ஓடும் போட்டின் முன்பக்கம் அலையில் எப்படிக் குத்தும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. முள்ளந்தண்டு கழன்றுவிடும் போலிருந்தது. நான் முகம் சுளித்ததைக் கண்டவுடன், அந்த மனிதர் வேகத்தைக் குறைத்துவிட்டார். போட் மறுபடி தண்ணீருக்குள் தாழ்ந்தது.

"இவ்வளவும் காணும், மாஸ்ரர். உங்களுக்கு நோகும்."

இத்தனை ஞாயிறும் எப்போது வீட்டுக்குப் போகலாம் என்றிருந்த நான், இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு ஒண்டுமில்லை, அண்ணை. நீங்கள் ஓடுங்கோ" என்றேன்.