முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் வராத காற்று

பயப்படுகிறவர்களுக்குப் படிப்பைக் கொடுக்கக் கூடாது. பயத்துக்கு ஆதாரம் தேட ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு இயற்பியல் பட்டத்தைக் கொடுத்தார்கள்.

மகளுக்கு இருக்கன்குடியில் காதுகுத்து. ஆற்றங்கரையில் பந்தல் போட்டது தாய்மாமன், அதாவது என் தம்பி செல்வம். மாமியார் வீட்டுச் சொந்தம் மொத்தமும் சிவகாசியிலிருந்து வேனில் வருகிறது. ஒரு குறை சொல்லிவிடக் கூடாது என்பது எங்கள் இருவரின் கவலை. (பந்தல் பிள்ளை மேல் விழுமோ என்பது என் தனிக் கவலை.)

கைபேசியில் வானிலை பார்த்தேன். "மிதமான காற்று" என்றது. நம்பிக்கை வரவில்லை. தேடித் தேடி, செயற்கைக்கோள் கருவி ஒன்று அளந்த காற்றின் வரைபடத்தைப் பிடித்தேன். எங்கள் பக்கம் முழுக்கச் சிவப்பு. வேகம் மணிக்கு முந்நூறு கிலோமீட்டர். வெப்பநிலை மைனஸ் எண்பது.

சித்திரை மாதம், சாத்தூர் பக்கம், மைனஸ் எண்பது. அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். யோசித்தேன்: வெப்பநிலையில் ஏதோ தப்பு, காற்று சரியாகத்தான் இருக்கும் என்று. (இருந்தாலும் பையில் ஒரு ஸ்வெட்டர் வைத்தேன்.)

"ஏலே செல்வம், பந்தலைப் பிரிக்கச் சொல்லுலே!"

"ஒரு இலை அசையலையேக்கா!"

"சாட்டிலைட்டே சொல்லுது. பிள்ளை மேல விழுந்தா நீ பதில் சொல்லுவியா?"

அக்கா படித்தவள் என்று நம்பிப் பிரித்துவிட்டான், பாவம்.

வேன் வந்தது. வெயிலும் வந்தது. சொந்தங்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். "ரசம் இலையிலயே கொதிக்குது தாயி," என்றார் ஒரு பெரியப்பா. மாமியார் முக்காட்டுக்குள்ளிருந்து கேட்டார்: "ஏம்மா, காத்து எங்கன வருதாம்?"

செல்வம் என் கைபேசியை வாங்கி, படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தான்: தரையிலிருந்து தொண்ணூற்றைந்து கிலோமீட்டர் உயரத்தில். அங்கே காற்று விடும் மங்கலான ஒளியைப் பார்த்து, அதன் நிறம் இம்மியளவு நகர்வதை வைத்து வேகம் சொல்லும் கருவி அது. அந்த உயரத்தில் காற்று அத்தனை மெல்லியது. என்ன வேகத்தில் அடித்தாலும் ஒரு கைக்குட்டைகூட அசையாது. இதையெல்லாம் படித்து நான் பரீட்சை எழுதியிருக்கிறேன்.

மாமியார் முழுவதையும் கேட்டார். "அப்போ சாமிக்கும் மேல வீசுற காத்துக்கா பந்தலைப் பிரிச்சீக?"

அன்றிலிருந்து நான் எதற்குப் பயந்தாலும், மகள் இருமினாலும், பள்ளி வேன் தாமதமானாலும், அவர் கேட்பது ஒன்றுதான்: "எம்புட்டு உசரத்துல?"

போன மாதம் மகளுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது.

"எம்புட்டு உசரத்துல தாயி?"

"இங்கனதான் அத்தை."

செருப்புக்கூடப் போடாமல் ஆட்டோ பிடிக்க ஓடினார்.

சாதாரணக் காய்ச்சல்தான் என்றார் மருத்துவர். திரும்பும் வழியெல்லாம் பேத்தியை மடியில் வைத்திருந்த மாமியார், வீடு வந்ததும் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"இந்தக் காத்து பனைமர உசரந்தான்."