அழுக்குக் கல்லை எவன் எடுப்பான்?

கொடைக்கானலுக்கு வந்தும் கொடைக்கானலைப் பார்க்காமல் ஊர் திரும்பியவர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். விசாரித்துப் பாருங்கள், அத்தனை பேரும் எங்கள் வெங்கச்சங்கல்லின் ஜீப்பில் ஏறியவர்களாகத்தான் இருப்பார்கள்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருந்திருக்கும். ஜீப் ஸ்டாண்டில் யாருக்கும் தெரியாது. காட்டை உழும்போது வெள்ளை வெளேரென்று கிளம்பி வருமே, சின்ன வயதில் ஒன்றோடொன்று தட்டித் தீப்பொறி பார்த்திருப்பீர்களே, அந்த வெங்கச்சங்கல்தான் அவருக்குப் பெயர், தொழில், குலதெய்வம் எல்லாம். படித்தவர்கள் அதை குவார்ட்ஸ் என்பார்கள். ஜீப் ஓட்டியது சும்மா சோற்றுக்காக.

நான் மாற்றலாகி மலையேறி, நாயுடுபுரத்தில் ஒரு வீட்டின் முன்பக்கத்தில் குடியேறினேன். பின்பக்கத்தில் அவரும் அவர் சம்சாரமும். மூன்றாவதாக ஒரு ஆள் படுக்க அந்த வீட்டில் இடம் கிடையாது. கட்டிலுக்கு அடியில் கல், பீரோவில் கல், துணியெல்லாம் வெளியே கொடியில்.

மழைக்கு மறுநாள் அவர் ஜீப்பில் ஏறுவது தலைவிதி. மண் சரிந்த இடத்தில் புதுக்கல் தெரியும் என்பது அவர் கணக்கு. ஒருமுறை புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று தூண் பாறை பார்க்க அவரைப் பிடித்தது. செண்பகனூர் வளைவில் ஜீப் நின்றது. இரண்டு மணி நேரம் கழித்து நான் டவுன் பஸ்ஸில் அந்த வழியாக வந்தபோது மாப்பிள்ளை கையில் குடை, பெண் கையில் சுத்தியல், இவர் பாதி உடம்பு மண்ணுக்குள். மாப்பிள்ளை முணுமுணுத்தாராம். அதற்கு இவர் சொன்ன பதில் ஸ்டாண்டில் இன்றைக்கும் பிரசித்தம்.

“தூண் பாறை நாளைக்கும் அங்கனதான் நிக்கும் சார். இந்த மண்ணு நாளைக்குச் சரிஞ்சுரும்.”

அந்தப் பெண் போகும்போது ஒரு கல்லை ஆசையாக வாங்கிக்கொண்டு போனதாகவும், அந்த மாப்பிள்ளை அதற்கப்புறம் மலைப்பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை என்றும் கேள்வி.

கல்லில் இத்தனை ஜாதி உண்டு என்று அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். பால்மாதிரி இருந்தால் பாலாடை. கறுத்துப் புகை படிந்ததுபோல இருந்தால் அடுப்படி. லேசாகச் சிவந்திருந்தால் ரோஜா. உள்ளே தலைமுடிபோல இழை ஓடினால் சவரிமுடி. கண்ணாடியாக ஆறு பட்டையோடு கூர்மையாக நின்றால் ஆறுமுகம். பழனியில் சாமி கும்பிட்டுவிட்டு மேலே வந்த ஒரு குடும்பத்திடம், பட்டையை எண்ணிப் பாருங்கள் என்று ஒரு ஆறுமுகத்தைக் கொடுத்துவிட்டார். அந்த வீட்டு அத்தை ஆறு என்று எண்ணிய கையோடு திருநீறு பூசி முந்தானையில் முடிந்துகொண்டது. திருப்பிக் கேட்டால் சாமிகுத்தம். பாவம், மனுஷன் லாட்ஜ் வாசலில் சாயங்காலம் வரை நின்று, நாலு பாலாடையைக் கொடுத்து அதை மீட்டு வந்தார்.

கல்லில் ஏறிய செங்கறை போகப் புளித்தண்ணீரில் ஊறப்போடுவார். அவர் சம்சாரம் ஒருநாள் ரசம் கொடுத்தனுப்பினார். அபார ருசி. மறுநாள் இவர் என்னைப் பார்த்து, “ரசம் எப்பிடி சார்? செண்பகனூர்க் கல்லு ஊறுன புளி” என்றார். அவர் சம்சாரத்துக்கு அடுப்படியில் எது எந்தச் சட்டி என்ற சந்தேகம் கல்யாணமான நாளிலிருந்து இருக்கிறதாம். நான் ஒரு மாதம் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

இவ்வளவு கூத்திலும் ஒரு ஒழுங்கு உண்டு. தரையில் கிடக்கிற கல்லைத் தொடுவதற்கு முன்னால் பாக்கெட்டிலிருந்து ஒரு சீட்டை எடுப்பார். எந்த ஊர், யார் காடு, எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது, எல்லாம் எழுதி முடித்த பிறகுதான் கல்லுக்குக் கை போகும். “அட்ரஸ் இல்லாத கல்லு சல்லிக்குத்தான் சார் லாயக்கு” என்பார். இதை நான் மறந்திருக்கக் கூடாது.

பாலசமுத்திரத்தில் ஒரு காட்டு வரப்பில் அவருக்கு அந்தக் கல் கிடைத்தது. எலுமிச்சம்பழ அளவு, சுற்றிலும் செம்மண். ஒரே ஒரு பட்டையை மட்டும் நாக்கால் நக்கிச் சுத்தம் பண்ணி, செல்போன் வெளிச்சத்தில் எனக்குக் காட்டினார். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர். சாய்த்தால் கொத்தனார் ரசமட்டத்தில் ஓடுகிற மாதிரி ஒரு குமிழி ஓடியது. கல் உண்டானபோதே உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீராம். மனிதன் பிறப்பதற்கு முந்தைய தண்ணீர் என்று சொல்லும்போது அவர் குரலே மாறிவிட்டது.

ஊரே கேலி செய்த ஆளை முதல்முறையாக ஒருவர் மதித்தார். மதுரையில் ஒரு கல்லூரிப் பேராசிரியர், போனில் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன், அதுவரை மண்ணைக் கழுவ வேண்டாம் என்றார். இவர் புதுச்சட்டை எடுத்தார். வீட்டுக்குள் வைத்தால் சம்சாரம் அழுக்காக இருக்கிறதே என்று எடுத்துப் புளித்தண்ணீரில் போட்டுவிடுவார் என்ற பயத்தில் கல்லை எங்கோ பத்திரமாக ஒளித்தும் வைத்தார்.

இந்த இடத்தில்தான் நான் உள்ளே நுழைகிறேன்.

எங்கள் கொல்லைப்புறம் ஒரே சேறு. நான் இரண்டு தடவை வழுக்கி விழுந்து, வீட்டுக்காரரை நச்சரித்துக் குழாயடி வரை சிமெண்டுப் பாதை போடச் சம்மதிக்க வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை கொத்தனார் வெள்ளனே வந்துவிட்டார். மலைப்பாதையில் மரம் விழுந்து சல்லி லாரி வரவில்லை. கொல்லை மூலையில் வெங்கச்சங்கல்லின் குவியல்கள் இரண்டு கிடந்தன. ஒன்று கழுவிப் பளபளவென்று, இன்னொன்று செம்மண் அப்பிக் கண்றாவியாக. அவர் சவாரி போயிருந்தார். நான் பெரிய நியாயஸ்தன் இல்லையா, அழகான கற்களை ஒவ்வொன்றாக என் கையாலேயே பொறுக்கிப் பத்திரமாக வராந்தாவில் அடுக்கினேன். சல்லிக்குப் பதில் இதைப் போடுங்கள் என்று அழுக்குக் குவியலைக் கொத்தனாருக்குக் காட்டினேன். ஒரு மனுஷன் பொக்கிஷத்தைக் காப்பாற்றிய பெருமிதத்தோடு காபியும் குடித்தேன்.

சாயங்காலம் ஜீப் வந்தது. அவர் முதலில் வராந்தாவைப் பார்த்தார். அப்புறம் மூலையைப் பார்த்தார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பளபளப்பதெல்லாம் அட்ரஸ் தொலைந்தவை, ஜீப்பில் வரும் குழந்தைகளுக்குக் கொடுக்க வைத்தவை. மேலே ஒட்டிய மண்ணை இன்னும் ஆராய்ந்து முடிக்காத நல்ல கற்கள்தான் அழுக்குக் குவியல். ரசமட்டக் கல்லும் அதற்குள்.

“அழுக்குக் கல்லை எவன் எடுப்பான்னு அங்கன ஒளிச்சு வச்சேன் சார்” என்றார்.

நான் ஓடிப்போய்க் கொத்தனாரைக் கூட்டி வந்தேன். பெரிசை உடைத்துப் போட்டோம், சின்னதை அப்படியே போட்டோம் என்றார் கொத்தனார். வேண்டுமானால் பாதையைப் பெயர்த்துவிடலாம் என்று கடப்பாரையையும் எடுத்தார். இவர் தடுத்துவிட்டார். முழுசாக இருக்கிற கல் கடப்பாரை பட்டால் போய்விடும், உள்ளே இருக்கிற சொட்டும் போய்விடும். ஈரப் பாதையின் ஓரத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார். நான் பின்னால் நின்று ஏதேதோ உளறினேன். அவர் திரும்பி, “இனிமே வழுக்காது, இல்லீங்களா” என்றார். அவர் நாலு திட்டுத் திட்டியிருந்தால் அன்றைக்கு நான் தூங்கியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பேராசிரியர் வந்தார். புதுச்சட்டையோடு இவர் அவரைக் குழாயடிக்குக் கூட்டிப்போய், இதற்குள்தான் இருக்கிறது என்று பாதையைக் காட்டினார். பேராசிரியர் நெற்றியில் அடித்துக்கொண்டு, எந்த முட்டாள் செய்த வேலை இது என்று கேட்டார். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தேன், வெளியே வரத் தைரியம் இல்லாமல்.

“நாந்தான் சார் போடச் சொன்னேன். பெரியவுக நடக்குற எடம், வழுக்கிக் கெடந்துச்சு.”

பேராசிரியர் ஒரு டீயைக் குடித்துவிட்டு இறங்கிப்போனார். அப்புறம் வரவே இல்லை. இவர் மறுநாள் வழக்கம்போல யாரோ ஒரு குடும்பத்தை ஏரிக்குப் பதிலாக மண்சரிவுக்குக் கூட்டிப்போனார்.

எனக்கு மாற்றல் வந்து கிளம்பிய அன்று, கல் ஏதாவது கொடுப்பார் என்று நினைத்தேன். ஒரு சீட்டைக் கொடுத்தார். “கிடைத்த இடம்: பாலசமுத்திரம், கிழக்கு வரப்பு. உள்ளே தண்ணி உண்டு” என்று பழைய மையில் இருந்தது. கீழே புது மையில், “இப்ப இருக்கிற இடம்: நாயுடுபுரம், குழாயடிப் பாதை. பத்திரமா வச்சது: முன்வீட்டு சார்.”

அந்தச் சீட்டு என் பர்ஸில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை அங்கே போவேன். கொடைக்கானல் குளிரில் அந்தச் சிமெண்டு பனிக்கட்டியாக இருக்கும். அந்தப் பாதையில் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடப்பேன்.