சிவப்பு முதலா, பச்சை முதலா?

திங்கட்கிழமை காலையில் எனக்குக் காய்ச்சல் வரவேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே தீர்மானம் செய்துவிட்டேன். சாதாரணக் காய்ச்சல் இல்லை. நாலு பேர் தூக்கினாலும் எழுந்திருக்க முடியாத காய்ச்சல்.

நான் பஞ்சநதம். எங்கள் ஊர் பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கூடத்தில் ஒண்ணாம் வகுப்பு வாத்தியார். திங்கட்கிழமை டெபுடி இன்ஸ்பெக்டர் வருகிறார். அவர் பார்க்கப் போகிற பாடம், ‘நிறங்களும் நம் ஊரும்’. நிறம் சொல்லித் தருவதில் என்ன ஐயா கஷ்டம் என்கிறீர்களா? எங்கள் ஊருக்கு வந்து சொல்லித் தாருங்கள், பார்க்கிறேன்!

மூன்று வருஷமாகக் கூலித் தகராறு. தெற்குத் தெருவில் விவசாயத் தொழிலாளர் சங்கத்துச் செங்கொடி. வடக்குத் தெருவில் மிராசுதார் சங்கத்துப் பச்சைக் கொடி. மதகடியில் போலீஸ் வேன். போன வாரம் சிவப்பு அட்டையைத் தூக்கி, “இது என்ன?” என்றேன். தெற்குத் தெருப் பிள்ளைகள் அத்தனையும் எழுந்து நின்று “சங்கம் வாழ்க!” என்று கத்தின. பதறிப்போய்ப் பச்சையைத் தூக்கினேன். வடக்குத் தெரு எழுந்தது. பலப்பம் பறந்தது, சிலேட்டு உடைந்தது. கறுப்பை நான் தொடவே இல்லை. ஆட்சிக்கு வந்த கட்சியின் கொடியில் பாதி அதுதான். சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன் அதைத் தூக்கிப் பிடித்தால் வேறு வினை வேண்டாம்.

அன்று சாயங்காலமே மிராசுதார் வைத்தியலிங்கம் கூப்பிட்டனுப்பினார்.

“வாத்தியாரே, பள்ளிக்கூடம் யார் மனையில நிக்குது?”

“ஐயா மனையிலதான்.”

“சிவப்பை முதல்ல காட்டினா கூரையைப் பிரிச்சுடுவேன்.”

திரும்பி வரும்போது தெற்குத் தெருச் சங்கத் தலைவர் தங்கையன் சைக்கிளை மறித்தார்.

“சார், பச்சையை முதல்ல காட்டினீங்கன்னா எங்க தெருப் பிள்ளை ஒண்ணுகூட மறுநாளிலேருந்து வராது.”

கூரை போனாலும் பள்ளிக்கூடம் மூடல். பிள்ளைகள் போனாலும் மூடல். எப்படி மூடினாலும் எனக்குக் கோடியக்கரைக்கு மாற்றல். போதாக்குறைக்கு, இன்ஸ்பெக்டர் வரும் அன்று இரண்டு பேரும் வகுப்பிலேயே உட்கார்ந்து பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை. இரண்டு கக்கத்திலும் உரித்த வெங்காயத்தை இடுக்கிக்கொண்டு போர்வைக்குள் முனகினேன். என் மனைவி அம்சவல்லி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“ஏங்க, உடம்பு சுடுதே!”

“சுடாதா பின்னே?”

“சாம்பார் வாசனையும் வருதே?”

“முத்தின காய்ச்சல்னா அப்படித்தான் அம்சு.”

“அப்படியா? அப்ப இட்லி கிடையாது. கஞ்சிதான்.”

வயிறு எரிந்தது. பொறுத்துக்கொண்டேன்.

“லீவ் லெட்டர் தலைமாட்டுல இருக்கு. இன்ஸ்பெக்டர்கிட்ட குடுத்துட்டு வந்துடு. வாத்தியார் இல்லேன்னா பாடம் இல்லே. பாடம் இல்லேன்னா சண்டையும் இல்லே.”

“அப்புறம் அவரு உங்களைக் கோடியக்கரைக்குத் தூக்கிப் போட்டா?”

“போடமாட்டார்.”

“போட்டா நீங்க மட்டும் போங்க. என் பசு உப்புத் தண்ணி குடிக்காது.”

போனவள் போனவள்தான். அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. ஏதோ நடந்துவிட்டது என்று தோன்றியது. போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, வாய்க்கால் கரையோடு ஓடி, பள்ளிக்கூடத்துப் பின்ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.

உள்ளே பாடம் நடத்திக்கொண்டிருந்தது என் பெண்டாட்டி! எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லியிருக்கிறாள். அந்த மனுஷனும் சரி நடத்துங்கள் என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டார். பின்பெஞ்சில் இந்தக் கோடியில் வைத்தியலிங்கம், அந்தக் கோடியில் தங்கையன். வாசலில் இரண்டு தெருவும் கம்போடு நின்றது.

இன்ஸ்பெக்டர் வெளியூர்க்காரர். ஒன்றும் தெரியாமல் புத்தகத்தைப் புரட்டி ஒரு கேள்வி கேட்டார்.

“நமக்கெல்லாம் சோறு போடறது யாரு? சொல்லுங்க பாப்போம்.”

அடப் பாவி!

“எங்க தாத்தா! நிலம் எங்களுது!” என்றான் மிராசுதார் பேரன்.

“எங்கப்பா! நட்டது அறுத்தது எல்லாம் அவருதான்!” என்றாள் தங்கையன் மகள்.

பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் எழுந்தார்கள். தங்கையன் வேட்டியை மடித்துக் கட்டினார். மிராசுதார் தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்தது. வாசலில் கம்புகள் அசைந்தன. நான் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஐயோ, உள்ளே இருப்பவள் என் அம்சு!

மேஜையில் பிரம்பு பட்டென்று விழுந்தது.

“வகுப்பு நடக்கும்போது யாரு எழுந்திருக்கிறது? உட்காருங்க ரெண்டு பேரும்!”

உட்கார்ந்தார்கள்! சத்தியமாக உட்கார்ந்தார்கள்!

“பிள்ளைங்களா, சோறு என்ன நிறம்?”

“வெள்ளை!”

“நேத்து மத்தியானம் தட்டுல போட்டது யாரு?”

“அம்மா!” இருபத்தாறு தொண்டையும் ஒன்றாகக் கத்தியது.

“தொட்டுக்க என்ன போட்டாங்க?”

“மிளகாத் துவையல்! செவசெவன்னு சிவப்பு!” என்று முதலில் குதித்தவன் மிராசுதார் பேரன். தாத்தா முகத்தைப் பார்க்க வேண்டுமே!

“எங்க வீட்டுல கீரை! பச்சை!” என்றாள் தங்கையன் மகள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

“இருந்தாலும் முதல்ல எது…” என்று இழுத்தார் வைத்தியலிங்கம்.

“ஐயா, சோத்துக்கு எதை முதல்ல தொட்டுக்கிறதுன்னு உங்க வீட்டுல சங்கம் கூட்டியா முடிவு பண்ணுவாங்க?”

இன்ஸ்பெக்டர் சிரித்தார். தங்கையன் சிரித்தார். வேறு வழியில்லாமல் மிராசுதாரும் சிரித்தார். வாசலில் கம்புகள் கீழே இறங்கின. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பொறாமையும் தாங்கவில்லை. யாரும் பார்ப்பதற்குள் வீட்டுக்கு ஓடிப் படுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அம்சவல்லி ஒரு காகிதத்தோடு வந்தாள்.

“இன்ஸ்பெக்டருக்கு ஒரு மனு. ஐயா கையெழுத்து, தங்கையன் அண்ணன் கைநாட்டு, ரெண்டும் ஒரே தாள்ல.”

கண்ணில் நீர் வந்துவிட்டது எனக்கு. மூன்று வருஷமாக ஒரு மரத்தடியில் நிற்காத இரண்டு பேர்! “சமாதானமா அம்சு? பள்ளிக்கூடத்துக்கு ஆபத்து இல்லையே?”

“இல்லவே இல்ல. படிச்சுப் பாருங்க.”

படித்தேன். ‘பஞ்சநதம் ஆசிரியரின் உடல்நிலையை முன்னிட்டு அவருடைய லீவை இந்த ஆண்டு முடியும்வரை நீட்டிக்குமாறும், அதுவரை அவர் மனைவியே பாடம் நடத்த அனுமதிக்குமாறும் ஊரார் ஒருமனதாகக் கேட்டுக்கொள்கிறோம்.’

கீழே சாட்சிக் கையெழுத்துக்கு ஓர் இடம் காலியாக இருந்தது. அம்சவல்லி பேனாவை என் கையில் கொடுத்தாள்.