தொண்ணூறுக்கு முடிந்த பேரம்

பேங்க்காரனை ஒரே போனில் மடக்கிப் போடுவது என்று ராமசுப்பு திங்கட்கிழமை காலையில் தீர்மானித்தார். லேசுப்பட்ட ஆளில்லை. எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில் இருபது வருசமாகத் தரகு பார்க்கிறவர். துண்டுக்குள் கையை விட்டு, எதிராளி விரலைப் பிடித்து விலை பேசுவார். மந்தை விலை என்றால் ஒரு விரலுக்குப் பத்தாயிரம். ஐந்து விரலுக்கு மேல் போனால் விட்டுவிட்டு மிச்சத்துக்கு மறுபடி பிடிக்க வேண்டும். பிடித்த பிறகு ராமசுப்பு பேச்சு மாறினார் என்று சரித்திரமே கிடையாது.

அப்பேர்ப்பட்ட மனுசன் ஒரு கிரெடிட் கார்டிடம் மாட்டிக்கொண்டார். சொந்தத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் மிக்ஸி, கிரைண்டர் என்று கார்டைத் தேய்த்து வாங்கிக் கொடுத்தார். ஊரே வள்ளல் என்றது. வட்டி மேல் வட்டி ஏறி, கடன் ரெண்டு லட்சத்துப் பத்தாயிரத்தில் வந்து நின்றது. மனைவி வேலுத்தாய்க்கு இது எதுவும் தெரியாது. தெரிந்தால் தொலைந்தார்.

"பேசாம மஞ்சக் கடுதாசி குடுத்திருங்க அண்ணாச்சி," என்றான் சுமை ஆட்டோ ஓட்டும் மிக்கேல்ராஜ்.

"ஏலே, திவாலான தரகன் துண்டுக்குள்ள எவம்ல கைய விடுவான்? பொழப்பே போயிரும். ஒரே தடவையில ஒரு தொகையக் கட்டி செட்டில்மெண்ட் முடிக்கப் போறேன். என் தொழில் என்ன, பேரம்தானே? நீ பாத்துக்கிட்டே இரு!"

ஆட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் பதுங்கி நின்று போன் போட்டார். பேங்க்கில் பேசிய பெண் ஒன்றரை லட்சம் என்றாள். இவர் அறுபதாயிரம் என்றார். அவள் மெல்ல இறங்க, இவர் மெல்ல ஏற, ஒரு மணி நேரம் போனது. கடைசியில் தொண்ணூறாயிரம், சனிக்கிழமைக்குள்.

"தொண்ணூறு! முடிஞ்சுது தாயி! பேச்சு மாற மாட்டேன்!" என்று அவர் போட்ட சத்தத்தில் கிடா மிரண்டு கயிற்றை அறுத்தது.

சரி, தொண்ணூறாயிரத்துக்கு எங்கே போவது? கொட்டிலில் பதினாலு ஆடு நின்றது. அத்தனையும் வேலுத்தாய் பருத்தி எடுத்த கூலியைச் சேர்த்து வாங்கி வளர்த்தவை. மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்ததும் ராமசுப்பு தொண்டையைச் செருமினார்.

"ஏட்டி, ஆட்டு விலை விழப்போவுது."

"யாரு சொன்னா?"

"மார்க்கெட்டு சொல்லுது."

"உங்க காதுல மட்டும் வந்து சொல்லுதாக்கும்?"

"தரகன்கிட்ட சொல்லாம பின்ன யார்கிட்ட சொல்லும்? வார சனிக்கிழமை எல்லாத்தையும் வித்திருவோம். பெறகு பாதி விலைக்குப் பதினாலு புடிச்சுத் தாரேன்."

"அம்புட்டையுமா?"

"ஒண்ணு விடாம."

"துட்டு யார்கிட்ட இருக்கும்?"

"நான் பத்திரமா வச்சுக்கிடுதேன்."

வேலுத்தாய் ரசத்தை ஊற்றினாள். "சரி. உங்களுக்குத் தெரியாததா?"

பதினெட்டு வருசத்தில் அவள் இவ்வளவு சுளுவாக எதற்கும் தலையாட்டியது இல்லை. நம்ம வாய் அப்படி என்று ராமசுப்பு இன்னும் ஒரு கரண்டி சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை விடிந்ததும் மிக்கேல்ராஜ் ஆட்டோவோடு வந்துவிட்டான். வேலுத்தாய் கொட்டில் வாசலை மறித்து உட்கார்ந்திருந்தாள்.

"அவுத்து விடுட்டி. சந்தை கலைஞ்சிரும்."

"எதுக்கு விக்கணும்? அதான் உங்க கார்டுக் கடன் முடிஞ்சிட்டே."

ராமசுப்பு ஆட்டோவைப் பிடித்துக்கொண்டார். "எ... எந்தக் கார்டு?"

"கார்டு வாங்குன பாரத்துல என் நம்பரையும் எழுதிக் குடுத்தது யாராம்? நீங்க போனை எடுக்கலைன்னா என்னையக் கூப்பிடுதாவ. நாலு மாசமா அந்த பேங்க்குப் பிள்ளைகிட்ட பேசிக்கிட்டுதான் இருக்கேன். அவளுக்கு வார தையில கல்யாணம்."

"அடிப்பாவி! அவ என்ன சொன்னா?"

"உங்க வீட்டுக்காரர் தொண்ணூறுக்கு ஒத்துக்கிட்டாருன்னா. நான் ஒண்ணும் பேசல. 'ம்'னேன். எம்பதுன்னா. அதுக்கும் 'ம்'னேன். அவளா எழுபதுக்கு வந்துட்டா. எழுத்துல குடும்மான்னேன், குடுத்தா. சீட்டுத் துட்ட எடுத்து வியாழக்கிழமையே கட்டிட்டேன்."

போனை நீட்டினாள். கணக்கு முடிந்தது என்று பேங்க்கே அனுப்பியிருந்தது. ராமசுப்புவுக்குக் கண் கலங்கிவிட்டது. பேர் பிழைத்தது, தொழில் பிழைத்தது.

"நீ நல்லாயிருப்பட்டி! அந்த எழுபதாயிரத்த எப்பாடு பட்டாவது உனக்குத் தந்திருவேன்."

"தொண்ணூறு."

"எழுபதுதானே கட்டுன?"

"நீங்க பேச்சு முடிச்சது தொண்ணூறுக்கு. கிடா முதற்கொண்டு கேட்டுக்கிட்டுதான நின்னுச்சு? மிச்சம் இருபது என் தரகு."

மிக்கேல்ராஜ் வேறு சிரித்துத் தொலைத்தான். ராமசுப்புவுக்கு ரோசம் வந்துவிட்டது. போனில் தோற்கலாம். துண்டுக்குள் அவரை ஜெயித்தவன் பிறக்கவில்லை.

"ஏட்டி, சந்தை முறைப்படி பேசுவோம். கையக் குடு!" என்று தோளில் கிடந்த துண்டை உதறி விரித்தார்.

வேலுத்தாய் எழுந்து வந்து துண்டுக்குள் கையை விட்டாள். அவருடைய ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தாள். ஐம்பது! ராமசுப்பு மீசையைத் தடவிக்கொண்டு மிக்கேல்ராஜைப் பார்த்தார்.

அவள் பிடியை விட்டாள். மறுபடி நாலு விரலைப் பிடித்தாள்.