ஒன்பது மாதம் பொறுக்காதவன்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வாயைக் கட்டிக்கொண்டு இருந்தது போதும். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. தாங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். பிறரை நிம்மதியாக இருக்க விடாதவர்களுக்கு ஒரு தலைவலியும் வருவதில்லை. இங்கே நாங்கள் நலமா என்பது நாளை மாலைதான் தெரியும். இன்று காலை குழந்தைக்கு ரத்தம் எடுத்தார்கள்.

என் திருமணப் படத்தில் எனக்கு முன்னால் வந்து நின்று, மாப்பிள்ளையின் ஒரு காதை மட்டும் வெளியே விட்டுவைத்தீர்களே, அதை மறந்துவிட்டேன். இரவல் வாங்கிப்போன என் ஏணி இன்னும் உங்கள் வீட்டுச் சுவரில் சாய்ந்திருப்பதையும் மறந்துவிட்டேன். இந்த ஒன்பது மாதத்தை மட்டும் மறப்பதற்கில்லை.

உங்கள் தங்கையின் ரத்தத்தில், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி ஓசைப்படாமல் குடியிருப்பது, பிரசவத்துக்கு முந்தைய சோதனையில்தான் தெரிந்தது. அதுவரை அவள் ஒரு தும்மலுக்குக்கூடப் படுத்தவள் அல்ல. பிறந்த கையோடு குழந்தையின் இரண்டு தொடையிலும் ஊசி போட்டார்கள். ஒன்று வந்த கிருமியை அங்கேயே மடக்க, மற்றது தடுப்பூசி. "இதையும் மீறிச் சில குழந்தைங்களுக்கு ஒட்டிக்கும். எல்லாத் தவணையும் முடிச்சு, ஒன்பது மாசம் ஆகட்டும். அப்புறம்தான் டெஸ்ட். முன்னாடியே எடுத்தா குழப்பம்தான் வரும்" என்றார் குழந்தை மருத்துவர் அம்மா. உங்கள் தங்கையின் கூடப் பிறந்தவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டுமாம். அதைச் சொன்னபோது நீங்கள் மார்பில் தட்டிச் சிரித்தீர்கள். "எனக்கென்ன மாப்ளே, கருங்கல்லு மாதிரி இருக்கேன்!"

கருங்கல் சும்மா இருந்ததா? வாரம் தவறாமல் போன். "கண்ணு மஞ்சளா இருக்கா மாப்ளே? நல்லாப் பாரு." பார்த்தேன். ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன், டார்ச் அடித்துப் பார்த்தேன். மஞ்சளாகத்தான் இருந்தது. பல்பை மாற்றினேன், அப்போதும் மஞ்சள். திரைச்சீலையைக் கழற்றினேன், பின்னாலிருந்த சுவரே மஞ்சள். ஏணி உங்களிடம் இருப்பதால் மேசைமேல் ஏறி நின்று வெள்ளையடித்தேன். இந்தக் கிருமி பச்சைக் குழந்தைகளிடம் பெரும்பாலும் கண்ணில் ஒன்றும் காட்டாது என்று மருத்துவர் சொன்னது, சுண்ணாம்பு காய்ந்த பிறகு. காமாலைக் கண்ணுக்குத்தான் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். பயந்தவன் கண்ணுக்கும் அதே நிறம்தான்.

அப்புறம்தான் அந்த யோசனையைச் சொன்னீர்கள். "அட, படிச்சவன்தானே நீ? எதுக்கு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுத் திரியற? ஒரு லேப்ல குடுத்துப் பார்த்தா முடிஞ்சுது." கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறவன் நான், என் படிப்பைத் தொட்டால் பொறுக்கமாட்டேன் என்று தெரிந்தே தொட்டீர்கள். ஆகவே, அடுத்த தவணைத் தடுப்பூசி போட்ட மூன்றாம் நாள், காற்றாட வெளியே போய் வருகிறேன் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைத்தெரு லேபுக்குப் போனேன். அங்கிருந்தவர் நரம்பு கிடைக்காமல் இந்தக் கை, அந்தக் கை என்று தேடினார். குழந்தை வீறிட்டது. "சார், முதல்ல நீங்க அழறதை நிறுத்துங்க. உங்களைப் பார்த்துதான் பாப்பா பயப்படுது" என்றார். ரிசல்ட் வந்தது. பாசிட்டிவ்.

உங்களிடம் மட்டும் சொன்னேன். "யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன் மாப்ளே." பொழுது சாய்வதற்குள் உங்கள் பெரியம்மா வந்து வாசலிலேயே நின்றுகொண்டு, "உள்ள வரலை. குழந்தையை அங்கேருந்தே காட்டு, போதும்" என்றார். உங்கள் தங்கைக்கு விஷயம் தெரிந்தது அப்படித்தான். அவள் என்னைத் திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். "என்கிட்டேருந்துதானே?" என்று மட்டும் கேட்டாள். அதன்பின் குழந்தைக்குப் பால் கொடுக்கவில்லை. அது அழ அழ, கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான் அடித்த வெள்ளைச் சுவரையே பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் புட்டிப்பால் கலக்கினேன். பாதி தரைக்குத்தான் போயிற்று.

மறுநாள் மூவருமாகப் போனோம். மருத்துவர் அந்த லேப் காகிதத்தைப் பார்த்தார், ஊசி அட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சார் என்ன வேலை பார்க்கறீங்க?"

"கெமிஸ்ட்ரி புரொபசர்."

"ஓ." அந்த ஓவை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "தடுப்பூசி மருந்தே அந்தக் கிருமியோட மேல்தோல்தான் சார். போட்டுக் கொஞ்ச நாளைக்கு ரத்தத்துல அது தெரியலாம். நீங்க குழந்தையை டெஸ்ட் பண்ணலை. நாங்க போட்ட ஊசியை டெஸ்ட் பண்ணியிருக்கீங்க."

"அப்போ பாப்பாவுக்கு இல்லையா?"

"இல்லைன்னும் சொல்லலை, இருக்குன்னும் சொல்லலை. ஒன்பது மாசம்னு சொன்னேன்ல? ஏம்மா, பாலை நிறுத்தச் சொன்னது யாரு? தாராளமாக் கொடு."

அங்கேயே கொடுத்தாள். ஆனால் என் சந்தேகம் தீரவில்லை. ஊசியா, கிருமியா? வகுப்பில் கரும்பலகைக்குத் திரும்பினால் அதே கேள்வி. குழந்தை முதன்முதலாகக் குப்புற விழுந்தது. சிரிக்க வாயெடுத்து, பயந்து மூடிக்கொண்டேன். இப்போது நாற்காலியைப் பிடித்து நிற்கிறாள். இன்று ஊசி குத்தியபோது அழவில்லை, என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டாள். அதுவும் நல்லதற்கா கெட்டதற்கா தெரியவில்லை.

எனவே இன்றோடு நமக்குள் போக்குவரத்து முடிந்தது. போன் செய்ய வேண்டாம், செய்தாலும் எடுக்கமாட்டேன். வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி. பெரியம்மாவுக்கு இங்கிருந்தே கும்பிடு, போதும்.

பின்குறிப்பு: மச்சான், ரிசல்ட் வந்துவிட்டது. கிருமி இல்லை. தடுப்புச் சக்தியும் வேண்டிய அளவு இருக்கிறது. மருத்துவரை இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். உங்கள் தங்கை குழந்தையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். நிமிர்ந்ததும் கேட்ட முதல் கேள்வி: "அண்ணன் டெஸ்ட் எடுத்துட்டாரா?" எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். மச்சான், அவளும் கருங்கல் மாதிரிதான் இருந்தாள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் நீங்கள். நாளைக்கே போய் ரத்தம் கொடுங்கள். உங்களுக்கு ஊசி ஒன்றும் போடவில்லை, பாசிட்டிவ் என்று வந்தால் அதன்மேல் பழிபோட முடியாது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. துணைக்கு வருகிறேன், அழமாட்டேன். ஏணியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என் பெயரைப் பார்த்தால் இதையும் ஏணியைக் கேட்டு நான் எழுதிய கடிதங்களைப்போலக் கிழித்துப்போடுவீர்கள். மொட்டைக் கடிதம் என்றால் மட்டும் ஒரு எழுத்து விடாமல் படிப்பீர்கள் என்பது குடும்பத்துக்கே தெரியும். ஆகவே கையெழுத்துப் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.